பல்லியின் உயிர்

புரொஜெக்டர் மூன்று வருடமாகத் தலைமையாசிரியரின் அலமாரியில் இருந்தது. புகைப்படத்துக்கு மட்டும் வெளியே வரும். பிள்ளைகள் அதைப் பார்ப்பதுபோல் ஒரு படம். உடனே உறைக்குள்.

நான் ஒப்பந்தத் தமிழாசிரியை. ஏழாவது தடவை கேட்டபோது சாவியைக் கொடுத்தார். "பல்பு போச்சுன்னா உங்க தலையிலதான் கட்டுவேன்."

என் கைப்பேசியை அதில் இணைத்தேன். பேசினால் எழுதும் வசதியைத் திறந்தேன். வகுப்பில் யார் பேசினாலும் அது சுவரில் எழுத்தாக விழுந்தது.

ஆறாம் வகுப்பில் ஒரு பெண். பள்ளி திறந்த வாரம் கிளியைக் கிலி என்று வாசித்தாள். அன்றே அவளுக்குக் கிலி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதன்பின் அவள் வகுப்பில் வாய் திறக்கவில்லை. கேள்வி கேட்டால் தாளில் எழுதி நீட்டுவாள்.

கைப்பேசி ஆள் பார்க்கவில்லை. பெயர் வைத்தவனே "தினமும் பழம் சாப்பிடுவேன்" என்றான். தினமும் பலம் சாப்பிடுவேன் என்று விழுந்தது. இன்னொருத்திக்கு நேற்று மலை கொட்டியது. வகுப்பே உருண்டு சிரித்தது. மூன்றாம் நாள் சிரிப்பு ஓய்ந்ததும் ஒரு விதி வைத்தோம். சுவரில் பிழை வந்தால் சிரிக்கக் கூடாது. எல்லோரும் "மறுபடி" என்று சொல்ல வேண்டும். யாராக இருந்தாலும். எனக்கே இரண்டு முறை சொன்னார்கள்.

மூன்றாம் வாரம் அவள் கை தூக்கினாள். கிளி என்று பதினோரு முறை சொன்னாள். பன்னிரண்டாவது முறை சுவரில் கிளி வந்தது. "போதும், என் முறை" என்று அடுத்தவன் கைப்பேசியைப் பிடுங்கினான்.

மறுநாள் கல்வித்துறை ஆய்வாளர் வந்தார். கூடவே தலைமையாசிரியரும், படம் எடுக்க.

"இதுல நான் பேசலாமா?" என்றார் ஆய்வாளர். நிமிர்ந்து நின்றார். "கட்டுப்பாடே பள்ளியின் உயிர்."

கட்டுப்பாடே பல்லியின் உயிர்.

"மறுபடி!" என்றது வகுப்பு.

தலைமையாசிரியர் முகம் வெளுத்தது. ஆய்வாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னும் உரக்கச் சொன்னார். அதே பல்லி.

"மறுபடி!"

அவள் எழுந்தாள். "சார், நாக்கை இன்னும் கொஞ்சம் பின்னால மடிங்க. எனக்கும் அப்படித்தான் வந்துச்சு."

ஆய்வாளர் சிரித்தார், பல் மட்டும். "பிள்ளைகளை நல்லா வளர்த்திருக்கீங்க" என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்குக் காலையில பிரேயர்ல அவ மைக்ல மன்னிப்புக் கேக்கணும். எழுதி அவ கையிலயே குடுத்துட்டேன்."

"எதுக்கு சார் மன்னிப்பு?"

"பெரிய மனுஷனுக்கு நாக்கு மடிக்கச் சொல்லிக் குடுக்கறா. வாயைப் பாரு!"

"அந்த வாய் திறக்க மூணு வாரம் ஆச்சு சார்."

"மூட ஒரு நிமிஷம் போதும். வருஷ முடிவுல உங்க ஒப்பந்தம் என் மேஜைக்குத்தான் வரும். சாவியை வெச்சிட்டுப் போங்க."

வைத்தேன். படியில் இறங்கும்போது அவரைத் திட்ட நல்ல வார்த்தை ஒன்றுகூட வாயில் வரவில்லை.

வகுப்பில் அவள் அந்தத் தாளை நீட்டினாள். 'என் திமிருக்காக வருந்துகிறேன்' என்று தொடங்கியது. அடியில் பென்சிலில் அவள் எழுத்து: 'நான் இதைப் படிச்சிட்டா உங்க வேலை போகாதுன்னு சார் சொன்னார். நிஜமா டீச்சர்?'

"வாயைத் திறந்து கேளு!" கத்திவிட்டேன்.

அவள் பின்வாங்கினாள். என் தொண்டையில் அந்த ஆளின் குரல் இருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் எழுதியதை அடித்தேன். தாள் கிழிந்தது. மிச்சமிருந்த இடத்தில் எழுதினேன்: 'பிழையைச் சொல்லச் சொன்னது நான். அவள் மன்னிப்புக் கேட்க மாட்டாள்.' கையெழுத்துப் போட்டேன்.

"இதைக் குடுக்கப் போறேன்."

"நானும் வரணுமா?" மெதுவாகத்தான். ஆனால் வாயால் கேட்டாள்.

"உன் இஷ்டம்."

வந்தாள்.

தலைமையாசிரியர் கிழிசலைச் சேர்த்துவைத்துப் படித்தார். "உங்களுக்குத்தான் திமிர், டீச்சர்."

"ஆமா சார்."

அவளைப் பார்த்தார். "நீ என்ன சொல்ற? டீச்சர் சொல்லிக் குடுத்ததையா?"

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் காத்திருந்தார். நானும். அவளுக்கு எடுத்துக்கொடுக்க என் நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன்.

"நான் திமிரா சொல்லல சார். அவருக்கு வரணும்னுதான் சொன்னேன். இதைப் படிக்க மாட்டேன்."

"வருஷ முடிவு வரைக்கும்தான்" என்றார் என்னிடம்.

"தெரியும் சார். அதுக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. நாளைக்கு மைக்குக்கு வேற ஆளைப் பாருங்க."