ஆராயி ரேடியோவில் பேசினாள்

நாமக்கல் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் சமூக வானொலியில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் 'விளிம்பின் குரல்' வரும். அரசியல், சமூக நீதி, கலை மூன்றையும் அரை மணி நேரத்தில் முடித்துக்கொடுப்பார் பேராசிரியர் குருமூர்த்தி. விளிம்பிலிருந்து யாரையாவது அழைத்து வருவார்கள். குரல் பெரும்பாலும் அவருடையதாக இருக்கும்.

அந்த வாரம் வந்தவள் ஆராயி. கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறவள். மகன் தீர்த்தகிரி, விடுதிப் பள்ளி ஒன்றின் கழிவுத்தொட்டிக்குள் மூச்சடைத்துச் செத்திருந்தான். குடித்துவிட்டு விழுந்தான் என்றது பள்ளி. ஊரும் நம்பியது. அவன் குடிக்கிறவனே இல்லை, தொட்டிக்குள் இறக்கிவிட்டது பள்ளிக்காரர்கள்தான் என்று ஊர் கேட்க ஒருமுறை சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் வந்தாள்.

பேராசிரியர் கேள்வி கேட்டார். ஒவ்வொரு கேள்விக்குள்ளும் பதிலும் மேற்கோளும் சேர்ந்தே இருந்தன. பெரியவர்கள் பேசினால் இடையிடையே ஆமாங்க போடுவது அந்தப் பக்கத்து மரியாதை. தன் முறை வரும் என்று ஆராயி போட்டுக்கொண்டே இருந்தாள். மூடநம்பிக்கையை ஒரு பிடி பிடித்தார், அதற்கும் போட்டாள்.

"இப்பணியின் அருவருப்பைக் கடக்க, மதுவைத் தவிர மாற்று எதையும் இச்சமூக அமைப்பு உங்கள் மகனுக்கு வழங்கவில்லை, அல்லவா?"

"ஆமாங்க."

கடைசியில், கலைப் பகுதிக்கு ஒப்பாரி கேட்டார்.

"எழவு ஊட்டுக்கு வெளிய பாடக்கூடாதுங்க சாமி."

அது மரபுக் கலை, அப்படிப் பார்க்கக் கூடாது என்று விளக்கினார். இனிமேல் தன் முறை வராது என்று அவளுக்கும் பட்டிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள்.

"சொட்டுக் குடிச்சறியான் எஞ்சாமி
சோத்துப் பசியோட போனானே
கயித்தக் கட்டாம எறக்குனாங்க
கண்ண மூடி வந்தானே…"

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெட்டு அபாரம் என்றார்.

ஒலிபரப்புக்கு முன் பதிவைக் கேட்ட நிலையப் பொறுப்பாளர் நர்மதாவுக்கு ஒரு சங்கடம். வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். நாலு பேர் வீட்டுக்குள் ஒப்பாரி போகலாமா? பேராசிரியர் கொஞ்சம் யோசித்து, நேயர்களின் உணர்வையும் மதிக்கத்தானே வேண்டும் என்றார். அந்த இடத்தில் நாகசுரம் போட்டார்கள்.

ஆராயி தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். மருமகள் ஜோதியின் செல்போனைச் சுற்றிக் கூட்டம். பேராசிரியர் பேசினார், பேசினார். மதுவைப் பற்றிக் கேட்டார். ஆமாங்க என்றது ஆராயியின் குரல், தெளிவாக. அப்புறம் நாகசுரம்.

பக்கத்து வீட்டுப் பெரியநாயகி ஆராயியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உடு ஆராயி. குடிச்சிருந்தாத்தான் என்ன? பாவம், அந்த நாத்தத்துக்கு வேற என்ன பண்ணுவான்."

அன்று முதல் ஊர் தீர்த்தகிரியை மன்னித்துவிட்டது.

கூட்டம் கலைந்த பிறகு ஜோதி அடுப்பைப் பற்றவைத்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"அத்தைங்க, அதுக்கு ஏனுங்க ஆமான்னீங்க?"

"அவரு பெரியவரு சாமி. நமக்காகப் பேசறாருன்னு நெனச்சேன். வாய மூடிட்டு உக்காந்திருந்தா தப்பா நெனைக்க மாட்டாரா?"

ஜோதி உலையில் அரிசியைப் போட்டாள்.