கயிறு முடிந்த இடம்

மதியம் மூன்று மணிக்குத்தான் பார்வையாளர்களை உள்ளே விட்டார்கள். சுரையா சாத்துக்குடிப் பையோடு எலும்பு முறிவு வார்டின் வாசல்வரை வந்தவள், உள்ளே போகாமல் சற்று நின்றாள். சுவரோரக் கட்டிலில் அய்யப்பன் மல்லாந்து படுத்திருந்தான். இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. வலது தொடையில் கம்பி வைத்திருந்தார்கள். அவன் மனைவி தேவிப்பிரியா கால்மாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஈரத்துணியால் அவன் பாத விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் மலையில் விழுந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

சுரையா சேதராப்பட்டில் தகர டப்பா செய்யும் தொழிற்சாலையில் பதினோரு வருடம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவள். தொழிற்சாலை வேறு ஊருக்குப் போனபோது அவள் புதுச்சேரியிலேயே தங்கிவிட்டாள். அப்புறம்தான் சென்னையிலிருந்து ஒரு படக் கம்பெனி கூப்பிட்டது. மலையில் படம் எடுப்பதானால் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் சொல்லியிருந்தார்கள். முதல் நாள் அவளை எந்த வண்டியில் ஏற்றுவது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் மேக்கப் சாமான் வந்த வேனில் ஏற்றினார்கள். இரண்டு படம் முடிவதற்குள் அவளுக்கு வேலை பிடிபட்டுவிட்டது. யூனிட் வருவதற்கு ஒரு வாரம் முன்பே மலைக்குப் போவாள். சரிவில் மண் எங்கே தளர்ந்திருக்கிறது, ஆம்புலன்ஸ் எந்த வளைவில் திரும்ப முடியும், பக்கத்து ஆஸ்பத்திரி எத்தனை நிமிடம் என்று எழுதி வைப்பாள். காலையில் எல்லோரையும் நிற்க வைத்து ஒரே விஷயத்தைச் சொல்வாள். இடுப்புப் பட்டையில் இரண்டு கொக்கி இருக்கிறது. ஒன்றைக் கழற்றினால் மற்றது கயிற்றில் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கழற்றக் கூடாது.

அய்யப்பன் அவளுக்கு மூன்றாவது படத்தில் பழக்கமானான். கனகசெட்டிக்குளத்துக்காரன். கல்யாணம்வரை கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவன், பிறகு படப்பிடிப்புகளில் கயிறு கட்டும் வேலைக்கு வந்துவிட்டான். யூனிட்டில் எல்லோரும் அவளை மேடம் என்றபோது அவன் மட்டும், நம்ம ஊர்க்காரங்க என்று அக்கா போட்டுக் கூப்பிட்டான். பகல் சாப்பாட்டின்போது தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, மலைக் குளிரைப் பற்றியும் அந்த ஊர் மீன் குழம்பைப் பற்றியும் குறை சொல்லிக்கொண்டே அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவான்.

கல்வராயன் மலையில் அன்று காலை பாறை விளிம்பு நெடுக கயிறு கட்டி, அவளே ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்திருந்தாள். சாயங்காலம் நாலு மணிக்கு டைரக்டர் கேமராவைப் பன்னிரண்டு அடி தள்ளி வைக்கச் சொன்னார். அங்கே கயிறு இல்லை. நீட்டிக் கட்ட நாற்பது நிமிடம் ஆகும் என்றாள். பள்ளத்தாக்கிலிருந்து பனி மேலே ஏறிக்கொண்டிருந்தது. "ஒரே ஷாட் மேடம், அஞ்சு நிமிஷம்" என்றார் டைரக்டர். மிரட்டவில்லை. களைத்துப்போன மனிதர் கேட்கிற மாதிரிதான் கேட்டார். சுரையா பனியைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், சரி என்று தலையை ஆட்டினாள். வெளிச்சத்தைத் தணிக்கும் வெள்ளைத் துணிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அய்யப்பன் விளிம்பில் நின்றான். இருக்கிற கயிற்றின் கடைசியில் இரண்டு கொக்கியையும் மாட்டியிருந்தான். காற்று ஒரு அடி அடித்ததும் துணியின் முனை கையை விட்டுப் போயிற்று. எட்டிப் பிடிக்கப் பார்த்தான். ஒரு சாண் எட்டவில்லை. இரண்டு கொக்கியையும் கழற்றிவிட்டு ஒரு எட்டு வைத்தான். பதினெட்டு அடி கீழே பாறைத் திட்டில் விழுந்த சத்தம் அந்தக் காற்றில் மேலே நின்றவர்களுக்குச் சரியாகக் கேட்கக்கூட இல்லை.

"இப்படி வாங்க மேடம்" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. புரொடக்‌ஷன் மேனேஜர் வெற்றிச்செல்வன். சென்னையிலிருந்து காலையிலேயே வந்துவிட்டார் போலிருக்கிறது, சட்டை கசங்கியிருந்தது. கெட்ட மனிதர் இல்லை. அன்று மலையிலிருந்து ஆம்புலன்ஸில் அய்யப்பனின் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தவர் அவர்தான். சுரையாவைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு தாளைக் கொடுத்தார்.

"விபத்து அறிக்கை. நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் இன்ஷூரன்ஸுக்குப் போவும். ஒரு வார்த்தை பொய் இல்ல, படிச்சுப் பாருங்க."

படித்தாள். ஐந்தே வரி. பாதுகாப்புப் பட்டை தரப்பட்டது. காலையில் அறிவுரை சொல்லப்பட்டது. தொழிலாளி அதைப் புரிந்துகொண்டதாகக் கையெழுத்திட்டார். பணியின்போது தாமாகவே இரண்டு கொக்கிகளையும் கழற்றினார். தவறி விழுந்தார். வெற்றிச்செல்வன் சொன்னது சரிதான், பொய் எதுவும் இல்லை.

"இமாச்சல் ஷெட்யூலுக்கு உங்க பேரத்தான் குடுத்திருக்கேன். நாப்பது நாளு" என்றார். "யோசிங்க. நான் கீழ டீ சாப்புட்டு வரேன்."

அவள் தாளை மடித்துக்கொண்டு கட்டிலருகே போனாள். அய்யப்பன் சிரிக்கப் பார்த்தான்.

"மேனேஜர் சார் சொன்னாரு அக்கா. அப்படியே எழுதிக்குங்க. நான்தான கழட்டனேன்? எத்தன தடவ சொல்லியிருக்கீங்க. யூனிட்டுக்குக் கெட்ட பேரு வந்தா நாளைக்கு என்னை எவன் கூப்புடுவான்?"

அப்படியே விட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். தேவிப்பிரியாதான் துணியை வாளியில் பிழிந்துகொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"கயிறு ஏன் பத்தல?"

"நீ சும்மா இரு" என்றான் அய்யப்பன்.

"உன்னைக் கேக்கல. அவங்களக் கேக்கறேன். கடல்ல போறப்ப மொழக்கணக்குல கயிறு மிச்சம் போட்டு எடுத்துக்கினு போற ஆளு இது. அங்க ஏன் கயிறு பத்தல?"

சுரையாவுக்குப் பையை இன்னும் கையிலேயே வைத்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. அதை அலமாரி மேல் வைத்தாள்.

"கேமராவத் தள்ளி வெச்சாங்க. கயிறு நீட்ட நாப்பது நிமிஷம் ஆவும்னு சொன்னேன். பனி வருது, ஒரே ஷாட்னு கேட்டாங்க. நான் சரின்னுட்டேன்."

"நீங்க வாணாம்னு சொல்லியிருந்தா?"

"நின்னிருக்கும். அதுக்குத்தான் நான் அங்க இருந்தேன்."

தேவிப்பிரியா திட்டவில்லை. அழவும் இல்லை. வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் மாற்றப் போய்விட்டாள். அய்யப்பன் கண்ணை மூடிக்கொண்டான். சுரையா கீழே போய், கையெழுத்தில்லாத தாளை வெற்றிச்செல்வனிடம் திருப்பிக் கொடுத்து, நானே எழுதி அனுப்புகிறேன் என்றாள்.

முல்லா வீதியில் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து எழுதினாள். அந்த ஐந்து வரியையும் அப்படியே வைத்துக்கொண்டாள். கேமரா நகர்ந்த நேரம், தூரம், காற்று, பனி எல்லாவற்றையும் சேர்த்தாள். கடைசியில் ஒரு வரி எழுதவே வெகுநேரம் பிடித்தது. 'கயிறு எட்டாத இடத்தில் வேலை செய்ய அனுமதி அளித்தவர் பாதுகாப்பு அதிகாரியாகிய நான்.' அனுமதி அளிக்கப்பட்டது என்று முதலில் எழுதி, பிறகு மாற்றியிருந்தாள். கடையிலிருந்து வந்த அவள் கணவர் அதீப் நின்றபடியே அதைப் படித்தார்.

"உன் பேர நீயே எழுதிக் குடுக்கறியா? இனிமே உன்னை எவனும் கூப்புட மாட்டான், தெரியுமில்ல?"

"தெரியும்."

அவர் தட்டு வைக்க இடம் வேண்டும் என்று தாள்களை மட்டும் ஓரமாக நகர்த்தினார்.

அதன் பிறகு நடந்தவை பெரிதாக ஒன்றுமில்லை. வெற்றிச்செல்வன் ஃபோனில், "மேடம், நீங்க யாருக்கும் நல்லது பண்ணல" என்று மட்டும் சொன்னார். இமாச்சலுக்கு வேறொருவர் போனார். இன்ஷூரன்ஸ்காரர்கள் இரண்டு முறை வந்து அவளிடம் கேட்டதையே கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். தொழிலாளர் அலுவலகத்தில் நஷ்டஈட்டு வழக்குக்கு எண் கொடுத்து வாய்தா போட்டுக்கொண்டிருந்தார்கள். கம்பெனி ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வருவது நின்றுபோயிற்று. அய்யப்பனிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது: ஏங்க்கா இப்புடி. பதில் எழுத மூன்று முறை ஆரம்பித்து அழித்தாள். சேதராப்பட்டில் வேறொரு தொழிற்சாலையில் அவளை ஒப்பந்தத்துக்கு எடுத்தார்கள். மறுபடியும் தலைக்கவசம், கையுறை, இயந்திரத்துக்கு முன்னால் மஞ்சள் கோடு. இரும்பு ஏணியில் யாராவது ஏறினால் இறங்கும்வரை அவளால் நகர முடியவில்லை. ஆட்கள் சிரித்தார்கள்.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தேவிப்பிரியா ஃபோன் செய்தாள்.

"அவரு கூப்புடல. நான்தான் கூப்புடறேன். நடக்கச் சொல்லிட்டாங்க. வூட்டுக்குள்ள நடக்கறாரு, மணல்ல நடக்கணும்னு அடம் புடிக்கறாரு. ஒரு பக்கம் நான் புடிப்பேன், இன்னொரு பக்கத்துக்கு ஆளு வேணும்."

ஊரில் பிடிக்க எத்தனையோ பேர் இருப்பார்கள். சுரையா அதைக் கேட்கவில்லை. பேருந்தில் கிளம்பிப் போனாள்.

அய்யப்பன் இளைத்திருந்தான். வாங்க என்று சொல்லவில்லை. வராதீங்க என்றும் சொல்லவில்லை. வீட்டுக்குப் பின்னால் கருவாடு காயப்போட்டிருந்த வலைகளைத் தாண்டினால் கடல். இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் அக்குளுக்குக் கீழே கைகொடுத்துக் கூட்டிப்போனார்கள். உலர்ந்த மணலில் அவன் வலது கால் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு இழுத்தது. இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினான். இழுத்துப் போட்டிருந்த படகிலிருந்து யாரோ, "இன்னா அய்யப்பா, கடல் தொழிலுக்கா?" என்று கத்தினார்கள். ஈர மணலுக்கு வந்ததும் அவன் கால் கொஞ்சம் உறுதியாகப் பதிந்தது.

முதல் அலை வந்து மூன்று பேரின் கணுக்காலையும் நனைத்துவிட்டுத் திரும்பியது.

"வுடுங்க" என்றான்.

தேவிப்பிரியா அவன் முகத்தைப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டு ஒரு எட்டு பின்னால் போனாள். அவன் இடது பக்கம் லேசாகச் சாய்ந்து, நிமிர்ந்தான்.

"அக்கா, உங்களத்தான். வுடுங்க."

அடுத்த அலை கொஞ்சம் பெரியதாக எழும்பி வந்துகொண்டிருந்தது. சுரையா அவன் கையை விட்டாள். ஆனால் சட்டையின் பின்பக்கத்தில் கொஞ்சம் துணி அவள் விரல்களுக்குள் இருந்தது. அவன் அதை உணர்ந்தானா என்று தெரியவில்லை. தண்ணீர் முழங்கால்வரை ஏறிப் பின்வாங்கியபோது, அவன் குதிகாலுக்குக் கீழிருந்த மணல் கரைந்து ஓடியது. அவன் கால் விரல்களை மணலில் ஊன்றிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி நின்றான்.