சில்லென்ற பச்சை முட்டை

தெருவில் எல்லோரும் அவளைப் பல்செட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் லேபில் பதினெட்டு வருஷமாக வேலை. பல் என்றால் வெள்ளை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களைக் கண்டால் அவளுக்குச் சிரிப்பு வரும். மஞ்சள் ஓடிய வெள்ளை, சாம்பல் ஓடிய வெள்ளை, டீ குடித்துக் குடித்துப் பழுப்பேறிய வெள்ளை என்று பதினாறு வகையை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்லிவிடுவாள்.

அந்தக் கண்தான் அவளை வம்பில் மாட்டிவிட்டது. வீட்டுப் பின்பக்கம் பழுப்பு முட்டை போடும் இரண்டு கோழிகள் சும்மா மேய்ந்துகொண்டிருந்தன. அதுகளுக்குத் தீவனம் வாங்கப் போன இடத்தில், கடைக்காரரின் மேஜைமேல் இளநீலத்தில் ஒரு முட்டையைப் பார்த்தாள். சாயம் இல்லை, கோழியே அப்படித்தான் போடும் என்றார் அவர். அந்த ஜாதிச் சேவலைப் பழுப்பு முட்டைக் கோழியோடு விட்டால் பிறக்கிற பெட்டைகள் பச்சையில் போடும், நீலத்தின் மேல் பழுப்பு ஏறினால் பச்சைதானே என்று வேறு சொல்லிவைத்தார். சேவலே கலப்பாக இருந்தால் பாதிக்குப் பாதிதான், சிலது வெறும் பழுப்பிலும் போடும் என்று மூட்டையைக் கட்டிக்கொண்டே அவர் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. ஒரு கையில் தீவனம், மறு கையில் சேவல் என்று வீடு வந்து சேர்ந்தாள்.

அவள் கணவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். காலையும் மாலையும் நாற்பது பிள்ளைகளிடம் வாய் கொடுத்துப் பழகியவர். அவருக்கு இது போதாதா?

"இது நீல முட்டை ஜாதின்னு உனக்கு எப்படித் தெரியும்? போட்டுக் காட்டுச்சா?"

"இதோட அம்மா நீலமா போட்டாளாம்."

"பொண்ணு பார்க்க வந்த மாதிரி குலம் கோத்திரமெல்லாம் விசாரிச்சிருக்கே."

குஞ்சு பொரித்தது ஏழு. அதில் நாலு சேவலாகப் போய், கேட்டவர்களுக்குக் கொடுத்தாயிற்று. மிஞ்சிய மூன்று பெட்டைகளுக்கும் அவரே பேர் வைத்தார். கன்னத்தில் பொசுபொசுவென்று முடி உள்ளது தாடி, தலையில் கொண்டை மாதிரி இறகு நின்றது குல்லா, எதுவும் இல்லாமல் ஒல்லியாக ஓரமாக நின்றது கறுப்பி.

அதற்கப்புறம் ஐந்தரை மாசம் அந்த வீட்டில் ஒரே பேச்சுதான். காலையில் எழுந்ததும் அவள் கூண்டுக்குப் போவாள். கொண்டை சிவந்திருக்கிறதா, முதுகைத் தொட்டால் பதுங்கி உட்காருகிறதா என்று முட்டைக்கு அறிகுறி பார்ப்பாள். அவர் பஸ்ஸைத் துடைத்தபடியே குரல் கொடுப்பார்.

"என்ன, பச்சைக்கொடி காட்டிடுச்சா?"

கடைசியில் குல்லா போட்டது. சந்தன நிறத்தில், சாதுவாக ஒரு முட்டை. சரி, இன்னும் இரண்டு இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். ஒரு வாரம் கழித்துத் தாடி போட்டது. அதன்மேல்தான் அவளுக்கு மலைபோல நம்பிக்கை. கன்னத்து முடி சேவல் வழியில் வந்தது, முட்டையும் அந்த வழியிலேயே வரும் என்று கணக்குப் போட்டிருந்தாள். வந்தது லேசான ரோஸ் கலந்த பழுப்பு. கடையில் தட்டு தட்டாகக் கிடைக்கிற அதே முட்டை.

அன்று சாயங்காலம் அவள் கோழிப் பேச்சையே எடுக்கவில்லை. சாப்பிட்டாள், பாத்திரம் கழுவினாள், துணி மடித்தாள். அவர் இரண்டு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து அப்படியே விழுங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை பின்பக்கமிருந்து அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னலே திறந்தது.

"இங்க வா! ஓடி வா! வந்து பாரு!"

கூண்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத மனுஷன், வைக்கோல் போட்ட பெட்டிக்குப் பக்கத்தில் விளக்குமாறு மாதிரி விறைத்து நின்றுகொண்டிருந்தார். பெட்டிக்குள் ஒரு பச்சை முட்டை.

அவள் அவரைத் தள்ளிக்கொண்டு பெட்டிக்குப் போனாள். குனிந்து கையில் எடுத்தாள். எடுத்த உடனே தெரிந்துவிட்டது.

முட்டை சில்லென்று இருந்தது. கோழி வயிற்றிலிருந்து வந்தது இல்லை, ஃபிரிட்ஜ் கதவிலிருந்து வந்தது. அடியில் கரண்டி தாங்கிய இடம் வட்டமாக வெளுத்திருந்தது. ஓட்டிலுள்ள நுண்துளைகளில் சாயம் இறங்கிப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் வினிகர் வாடை, அதற்கு மேலே லேசாக வெனிலா வாசனை. வெனிலா எங்கிருந்து வந்தது என்று அவள் யோசிக்கவே வேண்டியதில்லை. இரண்டு வீடு தள்ளி கேக் செய்து விற்கும் நாத்தனாரின் சமையலறையே அந்த வாசனையில்தான் மிதக்கும். இத்தனைக்கும் கறுப்பியின் கொண்டை இன்னும் நன்றாகச் சிவக்கக்கூட இல்லை.

"ஐயோ!" என்று தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன, அழறியா?"

"சந்தோஷத்துலங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடி, கதவைச் சாத்தி, துண்டைக் கடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

அப்போதே போட்டு உடைத்திருக்கலாம். ஆனால் அந்த முகம் அவளைத் தடுத்தது. சொந்த வீட்டில் வினிகர் பாட்டில் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாத மனுஷன், ஐம்பத்திரண்டு வயதில் முட்டைக்குச் சாயம் போட்டிருக்கிறார். அதைச் சும்மா கெடுக்க மனசு வரவில்லை. கூடவே, ஐந்தரை மாசம் வாங்கிய கிண்டலுக்குக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தால்தான் என்ன என்றும் தோன்றியது.

அடுத்த நாள் வந்த முட்டை ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் நீலம். மூன்றாவது பரவாயில்லை, சாயம் சீராகப் பிடித்திருந்தது. லேபில் புதிதாகச் சேர்ந்தவர்களின் வேலையைச் சரிபார்க்கிற அதே கண்ணோடு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாதான் போடுது. ஆனா இந்த ஜாதியில இன்னும் கொஞ்சம் கரும்பச்சையா வரணுமாம். பாசி பிடிச்ச மாதிரி."

"அப்படியா?" என்றார் அவர், காதைத் தீட்டிக்கொண்டு.

மறுநாள் பாசிப் பச்சையில் வந்தது.

"சிலது பழுப்புப் புள்ளி வெச்சும் போடுமாம். நமக்கெங்க அந்தக் குடுப்பினை."

ஒரே ஒரு நாள்தான் இடைவெளி விட்டார். அதற்கு அடுத்த நாள் முட்டை முழுக்கப் புள்ளி. பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சாயத்தைத் தெளித்திருக்கிறார் என்பது அவளுக்குப் பார்த்ததுமே புரிந்தது. அவருடைய பிரஷ் காலையிலிருந்து பழுப்பாக நின்றுகொண்டிருந்தது.

"கெட்டிக்காரக் கோழி!" என்று கறுப்பியைத் தூக்கிக் கொஞ்சினாள். கறுப்பி இவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

அந்த வாரக் கடைசியில் நாத்தனார் கையில் மாவோடு வந்து நின்றாள்.

"அண்ணி, உங்களுக்குத் தெரியும்தானே?"

"என்னது?"

"நடிக்காதீங்க. அண்ணன் தினமும் சாயங்காலம் வந்து என் அடுப்படியில உட்கார்ந்துக்கறாரு. பச்சைக் கலர் ரெண்டு பாட்டில் காலி. இன்னைக்கு வந்து, முட்டையில ரோஸ் வரி போட முடியுமான்னு கேக்கறாரு."

"நான் ரோஸ் வரி கேக்கவே இல்லையே!"

"அதைத்தான் சொல்றேன். இப்ப அவரே புதுசா யோசிக்க ஆரம்பிச்சுட்டாரு. சீக்கிரம் முடிச்சு வைங்க அண்ணி, எனக்குக் கேக் ஆர்டர் இருக்கு. இனிமே கலர் கிடையாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கலர் இல்லை என்பதால் அவர் கூண்டுப் பக்கமே போகாமல், முன்வாசலில் பஸ்ஸின் சக்கரத்தை வேண்டுமென்றே மெதுவாகக் கழுவிக்கொண்டிருந்தார். இன்றைக்குப் பேசி முடித்துவிட வேண்டும், மனுஷனை ரொம்பவும் அலையவிட்டாயிற்று என்று நினைத்துக்கொண்டே அவள் தீவனத்தோடு பின்பக்கம் போனாள். பழக்க தோஷத்தில் பெட்டிக்குள் கையை விட்டாள்.

கையில் ஒரு முட்டை தட்டுப்பட்டது. சூடாக இருந்தது.

எடுத்துப் பார்த்தாள். சின்னது. அவர் வைத்த முட்டைகளில் முக்கால் அளவுதான் இருக்கும். ஒரு முனையில் நூல்போல ரத்தக் கோடு. மேலே மாவு பூசின மாதிரி மங்கலான பூச்சு. அதற்கடியில் நிறம். அது அவர் கரண்டியில் கலக்கிய எந்தப் பச்சையும் இல்லை. மழை நின்ற மறுநாள் சுவரில் தெரிகிற அமைதியான பச்சை. பதினெட்டு வருஷம் ஜன்னலோரம் உட்கார்ந்து நிறம் பார்த்தவளுக்கு அதற்கு என்ன பேர் வைப்பது என்று தெரியவில்லை. கறுப்பி நாலடி தள்ளி நின்று, உலகமே கேட்கட்டும் என்று கொக்கரித்துக்கொண்டிருந்தது. அதன் கொண்டை இந்த ஒரு வாரத்தில் ரத்தச் சிவப்பாகியிருந்ததை, நாடகம் பார்க்கிற மும்முரத்தில் அவள் கவனிக்கவே இல்லை.

முட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள்.

"ஏங்க, இன்னைக்கும் போட்டிருக்கு."

"ஓ, போட்டுடுச்சா! பேஷ்!" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் நிமிர்ந்தார். முட்டையைப் பார்த்தார். வாய் திறந்தபடியே நின்றது. குழாயிலிருந்து வந்த தண்ணீர் அவர் செருப்பை நனைத்துக்கொண்டிருந்தது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. இதோ வந்துட்டேன்."

பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். அவளும் பின்னாலேயே அடிமேல் அடி வைத்துப் போனாள். அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கிசுகிசுத்தார்.

"ஏய், நீ வெச்சியா? ... விளையாடாத, கலர் தீர்ந்துபோச்சுன்னு நீதானே சொன்னே? ... சத்தியமா இல்லையா? ... நானும் வைக்கலையே! ... அப்ப யாருடி வெச்சது?"

"கோழி" என்றாள் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து.

அவர் துள்ளித் திரும்பினார். போனில் நாத்தனார் சிரிக்கிற சத்தம் வெளியே கேட்டது. அவர் அதை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட முயன்றார். இரண்டு தடவை துழாவியும் பை கிடைக்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"முதல் முட்டையிலேயே. ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்த முட்டையைக் கொஞ்ச நேரம் வெளிய வெச்சிருக்கக் கூடாதா?"

"அப்ப புள்ளி வேணும்னு கேட்டது?"

"சும்மாதான்."

"பாசிப் பச்சை?"

"அதுவும் சும்மாதான். ஆனா அது நல்லா வந்திருந்துதுங்க. எங்க லேபுக்கு வர்றீங்களா, ஆள் தேவைப்படுது."

அவர் பஸ்ஸின் படியில் உட்கார்ந்துவிட்டார். காது இரண்டும் சிவந்திருந்தது. சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள்; சிரிக்கவில்லை. ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்தபடி தரையைப் பார்த்துச் சொன்னார்.

"அன்னைக்கு நீ துணி மடிச்சுக்கிட்டே இருந்தே. மடிச்சதையே பிரிச்சு மறுபடி மடிச்சே. நான் ரொம்ப கிண்டல் பண்ணிட்டேன்னு தோணுச்சு. அதான்."

பக்கத்தில் படியிலேயே நெருக்கி உட்கார்ந்து, முட்டையை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"சூடா இருக்கு" என்றார் அவர், ரகசியம் மாதிரி.

"ம்."

அதை அடைகாக்க வைக்கலாமா, கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாமா என்று அரைமணி நேரம் யோசித்துவிட்டு, கடைசியில் உடைத்தே பார்ப்பது என்று முடிவானது. அவர் வைத்த முட்டைகளின் ஓடு உள்ளே வெள்ளையாகத்தான் இருந்தது. இது உள்ளேயும் நீலமாக இருந்தது. இரண்டு ஓட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் அவள் காட்டினாள். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வெகுநேரம் பார்த்தார். அந்தச் சின்ன முட்டையைப் பொரித்து இரண்டாகப் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள்.

"சாதா முட்டை மாதிரிதான் இருக்கு" என்றார், மென்றுகொண்டே.

"பின்ன, புதினா மாதிரியா இருக்கும்?"

மறுநாள் காலை அவள் கண் விழித்தபோது பக்கத்தில் ஆளைக் காணோம். பின்பக்கம் போனால் கூண்டுக்கு எதிரில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, சீருடையோடு அவர் உட்கார்ந்திருந்தார். பஸ் எடுக்கப் பத்து நிமிஷம்தான் இருந்தது. கறுப்பி பெட்டிக்குள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது.

"நேரமாச்சு, கிளம்புங்க" என்றாள்.

"சத்தம் போடாத" என்றார் அவர். "அது யோசிச்சிட்டிருக்கு."