நனையாத கோட்டுகள்

"நீங்க எழுதுறத யாருமே படிக்கலைன்னா, அப்பவும் எழுதுவீங்களா?"

அமெரிக்காவின் துலூத் நகரத்துப் பள்ளி ஒன்றில் ஒரு சிறுமி இப்படிக் கேட்டபோது, நாவலாசிரியை மாரிட் ஹாகன் சிரித்து மழுப்பிவிட்டாள். அது நடந்து வெகுகாலம் ஆகிறது. இப்போது அவளுடைய ஆறாவது நாவல் வந்திருக்கிறது. கணவர் இறந்தபின் ஆளில்லாத வீட்டில் உட்கார்ந்து எழுதியது. இதுவும் விற்காவிட்டால் அடுத்ததை அனுப்ப வேண்டாம் என்று பதிப்பாளர் சொல்லியாயிற்று. இனி எழுதுவதா, விட்டுவிடுவதா என்பதை இன்றைய வாசிப்புக் கூட்டமே முடிவு செய்யட்டும் என்று வந்திருந்தாள்.

புத்தகக்கடையில் போட்டிருந்த நாற்காலிகள் எல்லாம் காலி. வெளியே பனி கொட்டியது.

"ஹாக்கி ஆட்டம் வேற இன்னைக்கு. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாப்போம் மாரிட்," என்றாள் கடைக்காரி ஆர்லீன்.

"பரவால்ல. நாற்காலிங்களுக்கே படிச்சுக் காட்டிடறேன். அதுங்க நடுவுல எழுந்து போகாது."

ஆர்லீன் உள்ளே போனாள். சற்றைக்கெல்லாம் கோட்டு போட்ட நான்கு பேர் வந்து உட்கார்ந்தார்கள். மாரிட் மனம் குளிர்ந்து படிக்கத் தொடங்கினாள். இரண்டாம் பக்கத்தில் நிமிர்ந்தபோதுதான் கவனித்தாள். ஒருவர் தோளிலும் பனி இல்லை. பூட்ஸ் எல்லாம் உலர்ந்திருந்தன. தாடிக்காரர் ஒருவரின் கோட்டுக்குக் கீழே, கடையின் காபி கவுண்டரில் கட்டும் ஏப்ரன் எட்டிப் பார்த்தது. எல்லாரும் ஆர்லீன் அனுப்பிய கடை ஆட்கள்.

வெட்கமாகிவிட்டது. புத்தகத்தை மூடிவிட்டாள்.

தாடிக்காரர் கையைத் தூக்கினார். "ஒண்ணு கேக்கணும்ங்க. உங்க கதை கடைசியில அந்தப் படகுக்காரன், செத்துப்போன பொண்டாட்டியோட பூட்ஸ ஏன் வாசல்லயே விட்டு வெச்சிருக்கான்? ஒரு வாரமா மண்டையக் குடையுது."

அந்த இடத்தை அவள் இன்னும் படிக்கவேயில்லை. மனிதர் முழுவதும் படித்திருக்கிறார்.

"எடுத்து வைக்க மனசு வரல. அவ்வளவுதான்."

"எங்கப்பாவும் அப்படித்தான்," என்று தலையாட்டினார் அவர்.

மாரிட் புத்தகத்தை மறுபடி திறந்து, கடைசி வரை படித்தாள். கோட்டுகளைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மறுநாள் காலை ஜெபம் முடித்ததும் ஏழாவது நாவலின் முதல் வரியை எழுதினாள்.

அடுத்த மாதம் பக்கத்து ஊர் நூலகத்தில், யாரும் அறிந்திராத ஓர் இளைஞனின் முதல் நாவல் வாசிப்பு. மாரிட் அந்தப் புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, பனியில் காரோட்டிப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். வேறு யாரும் வரவில்லை. அவன் படித்து முடித்ததும் கதையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாள். அவன் முகம் மலர்ந்து, நெடுநேரம் பதில் சொன்னான்.

"யார் பேருக்குங்க கையெழுத்து போடணும்?"

"பேரெல்லாம் எதுக்குப்பா, உன் கையெழுத்து போதும்," என்று வாங்கிக்கொண்டு பனிக்குள் நடந்தாள்.