வலப்பக்கத்துக் கிளாம்புகள்

முப்பத்தெட்டு நாள் கழித்து அவள் வேலைக்குத் திரும்பிய காலையில் முதலில் கண்ணில் பட்டது, அசையாமல் கிடந்த தண்டவாளம்தான்.

அது அசைய வேண்டிய தண்டவாளம். செங்கல் தொழிற்சாலைக்குக் களிமண் கொண்டுபோகும் தள்ளுவண்டிகளுக்காகப் போட்டது. வெட்ட வெட்டக் குழியின் விளிம்பு தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். தண்டவாளமும் பின்னாலேயே போயாக வேண்டும். பத்து நாளுக்கு ஒரு முறை அதன் கடைசித் துண்டைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போய்ப் புது இடத்தில் பூட்டுவார்கள். அடியில் கிடப்பதைக் கட்டை என்று சொல்வது வாய்ப்பழக்கம்தான். மரம் கிடையாது. மடித்த இரும்புத் தகடு, கவிழ்த்துப் போட்ட தொட்டி மாதிரி இருக்கும். தண்டவாளத்தின் வெளி ஓரத்தைக் கட்டையிலேயே இருக்கும் கொக்கி பிடித்துக்கொள்ளும். உள் ஓரத்தை ஒரு கிளாம்பு கவ்வும். கிளாம்பை இறுக்க ஒரு போல்ட். அவ்வளவுதான் வித்தை.

ஆனால் அதற்கு இரண்டு பேர் வேண்டும். இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர், எதிரெதிரே குந்திக்கொண்டு, ஒரே நேரத்தில் முறுக்க வேண்டும். ஒருவர் முந்திக்கொண்டால் கட்டை கோணிக்கொள்ளும். பதினோரு வருஷம் இடப்பக்கம் அவள் கணவன், வலப்பக்கம் அவள். எதிரே இருப்பவன் மூச்சு விடுகிற தினுசைப் பார்த்தே எப்போது நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியும்.

அவன் செத்துப்போவதற்கு முந்தின நாள் அவள் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினாள். காய்ச்சலும் இல்லை, மண்ணும் இல்லை, கோபம். அதற்கு முந்தின நாள் டீ குடிக்கும்போது எல்லோர் முன்னாலும் அவன், "இவளுக்காகக் காத்திருந்தே என் பாதி ஆயுசு போச்சு. தனியா விட்டா ரெண்டு பக்கமும் நானே முடிச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குச் சுருக்கென்றது. "அப்படியா? சரி, நாளைக்குத் தனியாவே முடிச்சுக்கோ" என்றாள்.

மறுநாள் பொழுது சாய்ந்து வீடு வந்தவன், இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினான். "நாற்பது கட்டை. ரெண்டு பக்கமும். ஒரே ஆளு." அவள் தட்டை வைத்தாள். அவன் சாப்பிட்டான், படுத்தான். விடிந்தபோது எழுந்திருக்கவில்லை. டாக்டர் இதயம் என்றார்.

நாற்பது கட்டை. ஒரு கட்டைக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் முறுக்கி, தாண்டிப்போய் அந்தப் பக்கம் கொஞ்சம் முறுக்கி, மறுபடி இந்தப் பக்கம். குறைந்தது ஆறு தடவையாவது குந்தி எழ வேண்டும். இந்தக் கணக்கை அவள் முப்பத்தெட்டு நாளும் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வேலைதான் அவனைக் கொன்றதா என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்களே என்று பயம்.

இப்போது அந்த நாற்பது கட்டையும் எதிரில் கிடந்தன. குழி விளிம்போ எழுபது தப்படி தள்ளிப் போயிருந்தது. நடுவில் இருந்த வெற்று நிலத்தில் கும்பலில் மீதி இருந்த மூன்று பேரும் கூடையில் மண் சுமந்துகொண்டிருந்தார்கள். முன்னால் கொழுந்தன், ஆறடிக்குக் குறையாதவன். நடுவில் பாட்டுக்காரி, சுமையோடும் முணுமுணுத்துக்கொண்டு. கடைசியில் சோடாபுட்டி, கூடைக்குள் இருப்பது மண்ணா மாவா என்றுகூட அந்தக் கண்ணாடி இல்லாமல் தெரியாது, அறுபதைத் தாண்டியவர்.

"என்ன கூத்து இது?" என்றாள் அவள்.

மூன்று பேரும் அப்படியே நின்றார்கள்.

"வாங்க அண்ணி" என்றான் கொழுந்தன். "உடம்பு பரவாயில்லையா?"

"என் உடம்பு கிடக்கட்டும். தண்டவாளம் இருக்கும்போது எதுக்குத் தலையில சுமக்குறீங்க?"

"கிளாம்பெல்லாம் துருப்பிடிச்சு இறுகிப்போச்சு. எண்ணெய் விட்டு ஊற வெச்சிருக்கோம்."

"ஒரு மாசமாவா?"

அதற்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டார். "நல்லா கேளும்மா. நானும் தினமும் இதையேதான் கேக்குறேன். துணியை ஊற வெச்சிருந்தாகூட இந்நேரம் நாறிப்போயிருக்கும்" என்றார். ஆனால் அதட்டலில் காரம் இல்லை. அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டு, ஷெட் பக்கம் போய்விட்டார்.

பாட்டுக்காரிதான் உடைத்தாள். "அவன் கையால கடைசியா பூட்டினது, அக்கா. எவன் போய் ஸ்பேனரை வைக்கிறது? இதோ இந்த நெட்டை ரெண்டு தடவை போனான். ரெண்டு தடவையும் கண்ணுல தூசி விழுந்துடுச்சுன்னு திரும்பி வந்துட்டான்."

"நிஜமாவே தூசிதான்" என்றான் கொழுந்தன்.

அவளுக்கு உள்ளே என்னவோ இளகியது. அது அப்படியே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டால், யாரும் மறுபேச்சுப் பேசாமல் சுமப்பார்கள். அவளும் அந்தப் போல்ட்டுகளைத் தொட வேண்டியிருக்காது. சொல்ல வாயெடுத்தாள். அப்போது சோடாபுட்டி கூடையை இறக்கினார். இறக்கிய பிறகும் அவர் கழுத்து நிமிரவில்லை. இல்லாத கூடையைச் சுமப்பவர் மாதிரி குனிந்தே நின்றார்.

"தூக்கிடலாம்" என்றாள். "தம்பி, நீ உங்க அண்ணன் பக்கத்தைக் கழட்டு. என் பக்கத்தை நான் பார்த்துக்கறேன்."

"நீங்க உட்காருங்க அண்ணி, நாங்க…"

"என் பக்கம்னு சொன்னேன்ல."

குழிப்பக்க முனையில், நாற்பதாவது கட்டையில் எதிரெதிரே குந்தினார்கள். ஸ்பேனரை வைக்கும் முன் அவள் ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டாள். வலப்பக்கத்து ஒவ்வொரு போல்ட்டும் அவன் நெஞ்சிலிருந்து எடுத்துச் செலவழித்தது என்று அவளுக்கு நினைப்பு. ஒவ்வொன்றையும் தன் கையாலேயே கழற்ற வேண்டும். அவளுக்குத் தெரிந்த வேறு தண்டனை இல்லை.

முதல் போல்ட் அசையவே இல்லை. முழு உடம்பையும் கொடுத்துத் தள்ளினாள். கடைசியில் கிரீச்சென்று விட்டது. இரண்டாவதும் அப்படியே. கிளாம்பு கவ்வின இடத்தில் தண்டவாளமே பளபளவென்று சிராய்ந்துபோயிருந்தது.

அவள் கை நின்றது. அவள் கணவன் இப்படி முறுக்க மாட்டான். "கழுத்தை நெரிக்காதே, பிடிச்சா போதும்" என்பது அவன் பேச்சு. இந்த உலகத்தில் போல்ட்டை இப்படி நெரிப்பவன் ஒருவன்தான். நிமிர்ந்து எதிரே பார்த்தாள். கொழுந்தன் தலையைத் தூக்காமல் வேலை செய்துகொண்டிருந்தான்.

பத்துப் பதினைந்து கட்டை வரை அதே நெரிப்பு. அதற்கப்புறம் ஒரு போல்ட் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. விரலில் கறுப்பாக ஒட்டியது. கிரீஸ். பின்னால் கழற்றும்போது சிரமப்படக் கூடாதென்று போல்ட்டுக்குப் போல்ட் கிரீஸ் தடவுகிற சோம்பேறி அந்தக் கும்பலில் பாட்டுக்காரி மட்டும்தான். டப்பா அவள் இடுப்பிலேயே இருக்கும். அடுத்ததிலும் கிரீஸ். அதற்கடுத்ததிலும்.

அவள் வேகம் கூடியது. இப்போது கழற்றவில்லை, படித்துக்கொண்டு போனாள். ஒரு கட்டத்தில் கிரீஸ் நின்று, போல்ட் தலையைச் சுற்றிச் சுத்தியல் காயங்கள் வந்தன. இரண்டு அடி குறி தவறி, மூன்றாவது சரியாக விழுந்தது. சோடாபுட்டி. தடவிப் பார்த்துப் பூட்டுகிறவர், நம்பிக்கை வராமல் மேலே மூன்று தட்டுத் தட்டுவார். தொழிற்சாலைப் பக்க முனையில் கடைசி மூன்று கட்டையில் மட்டும்தான் அளவாக, பிடித்தால் போதும் என்று இறுக்கிய கை இருந்தது.

நாற்பதில் மூன்று.

அவள் தண்டவாளத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தம்பி" என்றாள். குரல் அவளுடையதாக இல்லை. "ரெண்டு பக்கமும் ஒரே ஆளா முடிச்சேன்னு உங்க அண்ணன் சொன்னாரு."

கொழுந்தன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். பாட்டுக்காரியைப் பார்த்தான். அவள் சோடாபுட்டியைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"சொல்ல மாட்டோம்னு சத்தியம் வாங்கிட்டாரு அண்ணி."

"எதை?"

"மூணு கட்டைதான். 'டேய், இதுக்கு மேல ஆகாது, ஆனா உங்க அண்ணிகிட்ட மூச்சு விட்டீங்க, தொலைச்சிடுவேன்'னாரு. மீதியை நாங்கதான் மாத்தி மாத்தி அவர் எதிர்ல உட்கார்ந்து போட்டோம்."

"மத்தியானத்துக்கு மேல அதுவும் இல்ல" என்றாள் பாட்டுக்காரி. "காலி வண்டிக்குள்ள சாக்கை விரிச்சுப் படுத்துட்டான். நாங்க ரெண்டு பேர் போட்டோம், அவன் குறட்டை விட்டான். வெட்கம்னு ஒண்ணு வேண்டாமா?"

"அப்புறம் சாயங்காலம் எழுந்து கையில மண்ணைத் தேய்ச்சுக்கிட்டாரு" என்றார் சோடாபுட்டி. "வேலை செஞ்ச கை மாதிரி இருக்கணும்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே வேறு எதுவாகவோ மாறி, தோளெல்லாம் குலுங்கியது. பாட்டுக்காரி ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டாள். கொழுந்தனுக்கு மறுபடியும் கண்ணில் ஏதோ விழுந்தது.

"அட முட்டாளுங்களா" என்றாள் அவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "இதை ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்னென்ன நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன் தெரியுமா?"

"நீங்க கேக்கவே இல்லையே அண்ணி. நாங்க என்னத்தைக் கண்டோம்?" கொழுந்தன் மெல்ல அவள் எதிரில் வந்து குந்தினான். "சத்தியம் வாங்கினவரும் போயிட்டாரு. அவர் பேர் கெட வேண்டாம்னு…"

கழற்றிய கட்டைகளை இரண்டிரண்டாக அடுக்கிச் சுமக்க வேண்டும். எழுந்து ஒரு முனையைப் பிடித்தாள். கொழுந்தன் மறு முனையைப் பிடித்தான். தூக்கியதும் அவள் நடக்கவில்லை.

"அன்னிக்குப் பூரா நான் இங்க இல்ல" என்றாள். "காலையில அவர் வந்ததுலேருந்து சொல்லுங்க. என்ன பேசினாரு, எப்போ உட்கார்ந்தாரு, எதுக்குச் சிரிச்சாரு. ஒண்ணு விடாம."

"வரும்போதே முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் வந்தாரு" என்று ஆரம்பித்தான் கொழுந்தன்.

"பொய் சொல்லாதே" என்றாள் பாட்டுக்காரி, இன்னொரு கட்டையின் முனையை நிமிர்த்திக்கொண்டே. "அவன் முதல்ல வந்தது என்கிட்ட. நீ அப்போ வந்தே சேரல. நான் சொல்றேன் கேளுக்கா."

நால்வரும் கட்டைகளோடு வெற்று நிலத்தில் நடக்க ஆரம்பித்தார்கள்.