ஏழாம் நம்பர் சட்டை

அன்றைக்கு நான் எழுதிய ஸ்கோர் நோட்டைத் தொடவே இப்போது அருவருப்பாக இருக்கிறது. கணக்கு டீச்சர் என்பதால் சாஃப்ட்பால் போட்டிகளுக்கு எண்ணிக்கை எழுத என்னைத்தான் கூட்டிப்போவார் எங்கள் பள்ளி பி.டி. சார் மாதவராஜ்.

அணியில் பந்து வீசத் தெரிந்தவள் தேவிப்பிரியா ஒருத்திதான். ஒன்பதாம் வகுப்பு. இன்னொருத்திக்குச் சொல்லிக்கொடுக்க சாருக்கு நேரமில்லை. கறக்கிற மாடு ஒன்று இருந்தால் போதும் அவருக்கு. அன்று தருமபுரியில் காலையில் ஒரு மேட்ச், மதியம் ஒரு மேட்ச். இரண்டிலுமாக நூற்றுத் தொண்ணூற்றாறு பந்து வீசியிருந்தாள். ஒரு நாளில் ஒரே பெண் இரண்டு மேட்ச்சுக்கு மேல் வீசக்கூடாது என்பது அந்தப் போட்டியின் விதி. சாயங்காலம் ஃபைனல்.

"சார், தோள் சுர்ருனு இழுக்குதுங்க. கோகிலவாணி போடட்டுங்க சார்."

"கையக் கீழ உட்டுப் போடற பந்துக்கு எங்கடி தோள் போவுது? இதென்ன கிரிக்கெட்டா?" என்று வலி ஸ்பிரேயைப் பீய்ச்சினார் சார். கோகிலவாணியோடு சட்டையை மாற்றிக்கொண்டு வரச் சொன்னார். பிறகு என்னிடம், "டீச்சர், ஏழாம் நம்பரு கோகிலவாணின்னே எழுதிக்குங்க. கப்பு நம்ம ஸ்கூலுக்குத்தானுங்களே" என்றார்.

எழுதினேன். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

அறுபது பந்துக்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தேவிப்பிரியா உதட்டைக் கடித்தாள். நான் கோடு போட்டுக்கொண்டே இருந்தேன். நூற்றுநான்காவது பந்தில் ஜெயித்தோம். ஏழாம் நம்பர் சட்டையை அவளால் கழற்ற முடியவில்லை. கோகிலவாணிதான் உருவிவிட்டாள்.

மேடையில் சாருக்குச் சால்வை போர்த்தினார்கள். அடுத்து, கேப்டன் என்று தேவிப்பிரியாவைக் கூப்பிட்டார்கள். அவள் இடது கையை நீட்டினாள். சிறப்பு விருந்தினர் சான்றிதழைப் பின்னால் இழுத்துக்கொண்டு சிரித்தார்.

"சோத்தாங்கையில வாங்கும்மா."

கூட்டமும் சிரித்தது. "மானத்த வாங்காத, சோத்தாங்கைய நீட்டுடி" என்று பல்லைக் கடித்தார் சார்.

தேவிப்பிரியா இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, அந்தக் கையை விருந்தினர் முன்னால் நீட்டினாள்.

"பாத்தீங்களா, என்ன பணிவு!" என்றார் விருந்தினர்.

எல்லோரும் கை தட்டினார்கள். தூ, நானும்தான் தட்டினேன்.