மாதம் ஒருவர்

எங்கள் ஊரில் சம்பளத்தை உறவினர்களாகத்தான் தருகிறார்கள். முதல் தேதி காலையில் வாசலில் ஆட்டோ வந்து நிற்கும். அந்த மாதத்து உறவினர் ஒரு பையோடு இறங்கி, வீட்டு எண்ணைச் சரிபார்த்துக்கொண்டு உள்ளே வருவார். நான் இயற்பியலில் முதுகலை முடித்து, பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் மூன்று வருடமாகத் தொகுப்பூதியத்தில் விரிவுரையாளராக இருக்கிறேன். எனக்கு மாதம் ஒருவர். அதுவும் தூரத்துச் சொந்தம்.

சொந்தம் எவ்வளவு நெருக்கமோ, அவ்வளவு மதிப்பு. ஓர் அத்தைக்கு மூன்று ஒன்றுவிட்ட சித்தப்பாக்கள். மாலையில் டியூஷன் எடுப்பதற்கு உறவினர்கள் வரமாட்டார்கள், தெரிந்தவர்கள்தான் வருவார்கள். தெரிந்தவர்களைக் கொடுத்துப் பால், காய்கறி வாங்கிக்கொள்ளலாம். சம்பளத்தில் வருகிறவர் வாடகைக்குச் சரியாக இருப்பார். அவர் ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டு, வீட்டுக்காரர் ஞானதுரை இருக்கும் மாடிக்கு ஏறிப் போய்விடுவார். பெரும்பாலும் அவர்களுடைய பெயரைக் கேட்கக்கூட எனக்கு நேரம் இருந்ததில்லை.

இந்த ஜனவரியில் கல்லூரியில் நிலுவை கொடுத்தார்கள். வழக்கமாக வருகிறவரோடு கூடவே ஓர் அத்தையும் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். பெயர் உலகம்மாள். வழக்கமானவர் மாடிக்குப் போன பிறகும் அவள் என் வீட்டில் இருந்தாள்.

"செல்வி, ஏன் இப்படி மெலிஞ்சு போயிட்ட?" என்று கேட்டாள். நாங்கள் அதற்கு முன் சந்தித்ததே இல்லை.

அன்று இரவு தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தாள். நான் மறுநாள் வகுப்புக்காக அலைகளைப் பற்றிக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது எதிரே உட்கார்ந்து, சத்தம் போட்டுப் படிக்கச் சொன்னாள். படித்தேன். கேட்டுவிட்டு, "நல்லாத்தான் சொல்லுத. ஆனா கடைசியில அந்த அலை எங்க போவுதுன்னு சொல்லவே இல்லையே" என்றாள். அந்தக் கேள்வியைக் குறிப்பின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். பிறகு தினமும் அவளிடம் படித்துக் காட்டினேன்.

"சின்னப் பிள்ளையில தறிச் சத்தம் கேட்டாத்தான் நீ தூங்குவ" என்று ஒருநாள் சொன்னாள்.

என் அப்பா பஸ் கண்டக்டர். வள்ளியூரில் எங்கள் வீட்டில் தறி இருந்ததில்லை. அம்மாவுக்கு போன் செய்து கேட்டேன்.

"உனக்கு அத்தையே கிடையாதே," என்றாள் அம்மா. "சம்பளத்துல வந்தவுகளா? சரி, சரி. தறியெல்லாம் நமக்கு ஏது?"

அடுத்த வாரம் அம்மாவே கூப்பிட்டு, "செல்வி, அந்தத் தறிய நாம யாருக்குக் குடுத்தோம்? உங்க அப்பாவுக்கும் ஞாபகம் வரல" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். ஆனால் அதற்குள் அந்தச் சத்தம் எனக்கு ஞாபகம் வந்திருந்தது. இரவில் விளக்கை அணைத்தால் கேட்டது. நன்றாகவும் தூங்கினேன்.

ஏப்ரலில் ஞானதுரை கீழே இறங்கி வந்தார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வூதியத்தில் அவருக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் முட்டுவலி, மாடி ஏறுவதற்கே அரைநாள் ஆகும். அவருடைய மகள் பிரிஸில்லா பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள்.

"டீச்சர், நீங்க படிச்சவங்க. என்ன படிச்சா எத்தனை பேர் வருவாங்க? உள்ளதைச் சொல்லுங்க."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். என்னோடு விடுதியில் ஒரே அறையில் இருந்த நித்திலா, படித்தது இயற்பியல் என்றாலும், கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்துவிட்டாள். பிடித்தம் போக மாதம் பதினான்கு பேர், எல்லோரும் நெருங்கிய சொந்தம். வக்கீலாகப் போன சகாயத்துக்கு ஒரு மாதம் ஆறு மைத்துனர்கள் வருவார்கள், பிறகு மழைக்காலம் முழுக்க யாரும் வரமாட்டார்கள். மருந்து விற்கப் போனவனுக்கு வருவதெல்லாம் மாப்பிள்ளைகள். அவர்களுக்கு விருந்து வைத்தே அவன் ஓய்ந்துபோனான். கனடாவுக்குப் போனவளுக்கு ஒரே ஒரு பெரியம்மாதான், ஆனால் இங்கே கொண்டுவந்து மாற்றினால் ஒரு கல்யாண மண்டபம் நிறைந்துவிடும். ஒருவனுக்கு அரசு அலுவலகத்தில் வேலை. சம்பளம் இரண்டு பேர். அவன் வீட்டில் முப்பது பேர் இருக்கிறார்கள். எப்படி என்று நான் கேட்டதில்லை.

"இயற்பியலுக்கு?"

"மாதம் ஒருத்தர் சார். தூரத்துச் சொந்தம்."

ஞானதுரை அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அத்தையைப் பார்த்தார். "அத்தை ஒருத்தங்க இருக்காங்களே?"

"அது நிலுவை சார்."

அவர் தலையை ஆட்டினார். நான் அடக்கத்தினால் அப்படிச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் போல. மறுவாரமே மதுரைச் சாலையில் புதிதாக வந்திருக்கும் பல்கலைக்கழகத்தில் பிரிஸில்லாவுக்கு இயற்பியலில் இடம் கேட்டு விண்ணப்பம் போட்டுவிட்டார்.

மே மாதம் எங்களுக்குச் சம்பளம் கிடையாது. முதல் தேதி வாசலில் நின்று பார்த்தேன். ஆட்டோக்கள் எங்கள் தெருவைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போயின. கோடை விடுமுறையில் டியூஷனும் இல்லாததால் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். மாதக் கடைசி வரை ஞானதுரை பொறுத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள யாரையாவது அனுப்பிருங்க டீச்சர். இல்லன்னா உலகம்மாளை அனுப்புங்க. மீதிய நான் குடுத்திருதேன்."

அத்தை இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் போறேன்ட்டி. மாடிதான?"

"மாடியோட நிக்காது அத்தை. அங்கிருந்து கடைக்கு அனுப்புவாங்க, கடைக்காரர் வேற எங்கயாவது அனுப்புவார்."

"எங்க போனாலும் ஆளுக ஆளுகதான" என்று சொல்லிவிட்டுத் தேங்காய்ப்பாலைப் பிழிந்தாள்.

நான் அன்றே கோயம்புத்தூருக்கு ரயில் ஏறினேன்.

நித்திலாவின் அடுக்குமாடி வீட்டில் கூடம், படுக்கையறை, பால்கனி என்று எல்லா இடத்திலும் ஆட்கள் இருந்தார்கள். சோபாவில் நான்கு மாமாக்கள் நெருக்கியடித்துக்கொண்டு, யாரும் யாரோடும் பேசாமல் இருந்தார்கள். நித்திலா நின்றுகொண்டே சாப்பிட்டாள். உட்கார இடமில்லை.

"யார வேணும்னாலும் கூட்டிட்டுப் போ," என்றாள். "திருப்பியெல்லாம் தர வேண்டாம்."

"இவங்க பேரெல்லாம் என்ன?"

"தெரியாது செல்வி. எங்க கம்பெனியில மாசக் கடைசியிலயே அனுப்பிருவாங்க. அஞ்சாம் தேதி வீட்டுக் கடனுக்குப் பாதிப் பேர் போயிருவாங்க. மிச்சப் பேரும் காருக்குப் போயிருவாங்க." தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "உங்க அத்தை உங்கிட்டப் பேசுவாங்களா?" என்று கேட்டாள்.

"பேசுவாங்க."

"என்ன பேசுவாங்க?"

அலை எங்கே போகிறது என்று கேட்டதைச் சொன்னேன். சொதியைப் பற்றியும் தறியைப் பற்றியும் சொன்னேன். நித்திலா வேலைக்குத் தாமதமாவதையும் கவனிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கதவோரம் நின்ற ஒருவரிடம் போய், "உங்க பேரு என்னங்க?" என்றாள். அவர் பயந்துபோய்ப் பையை எடுத்துக்கொண்டார். தன்னை எங்கோ அனுப்பப் போகிறாள் என்று நினைத்துவிட்டார். அவரையே என்னோடு அனுப்பினாள்.

ரயிலில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

"ஏனுங் கண்ணு, நான் உனக்கு என்ன முறை வேணும்?"

"தெரியலைங்க. பெரியப்பான்னு வெச்சுக்கலாமா?"

"வெச்சுக்கலாமுங்க."

திண்டுக்கல் வரை மரியாதையாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். மதுரையில் அவர் பேச்சில் 'ங்க' குறைந்தது. கோவில்பட்டி தாண்டியதும், "ஏட்டி, அந்தத் தண்ணி பாட்டில இங்க எடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே இரண்டு நடுத்தர வயதுக்காரர்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள்.

"அத்தை எங்க?" என்று கேட்டேன்.

"வாடகைக்குப் போயாச்சும்மா," என்றார் ஒருவர். "நாங்க மீதி."

எனக்கு விளங்கவில்லை. மறுபடியும் கேட்டேன். மற்றவரும் அதையே சொன்னார். வெள்ளிக்கிழமை ஆவதற்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. அடுக்களையில் அத்தையின் பை தொங்கும் ஆணி மட்டும் இருந்தது. நான் அதில் என் துண்டை மாட்டினேன்.

பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனேன்.

"அத்தையத் திருப்பிக் குடுங்க சார். இவரை வெச்சுக்கோங்க. மீதி வந்த ரெண்டு பேரையும் தாரேன்."

ஞானதுரைக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. "அவங்களாத்தான் வந்தாங்க டீச்சர். நான் கூப்பிடல. காலையில யுனிவர்சிட்டிக்குப் பணம் கட்டப் போனேன். பிரிஸில்லாவுக்குக் கிட்டத்துச் சொந்தமாத்தான் வேணும், தூரத்துச் சொந்தமெல்லாம் வாங்க மாட்டோம்னுட்டாங்க. அத்தையக் கட்டிட்டேன்."

பிரிஸில்லா கதவுக்குப் பின்னால் நின்று, "ரொம்ப தேங்ஸ் மிஸ்" என்றாள். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

கட்டணம் வாங்கி முடித்தாயிற்று, பல்கலைக்கழகம் இனி ஜூனில்தான் திறக்கும் என்றார்கள். அந்த நாட்களில் என் வீட்டில் பெரியப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும் இருந்தார்கள். மூன்று பேரையும் எதிரே உட்காரவைத்துக் குறிப்புகளைப் படித்துக் காட்டினேன். அவர்கள் எல்லாவற்றுக்கும் சரி என்றார்கள். இரவில் தறிச் சத்தம் கேட்கவில்லை. நான் அம்மாவைக் கூப்பிட்டு, தறி கிடைத்ததா என்று கேட்டேன். "என்ன தறி?" என்றாள்.

பல்கலைக்கழகம் திறந்த அன்று மூன்று பேரையும் அழைத்துக்கொண்டு போனேன். கட்டணப் பிரிவில் கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தாள்.

"விசாரணைன்னா ஒருத்தரைக் கட்டணும்" என்றாள்.

சித்தப்பாக்களில் இளையவர் தானாகவே கவுன்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அவள் கணினியில் தேடினாள்.

"உலகம்மாள். இருக்காங்க. கட்டணத்துக்கு மேல அதிகமா வந்துட்டாங்க. இங்க மீதி குடுக்கிற வழக்கம் கிடையாது. அதனால பட்டம் குடுத்து அனுப்பிட்டோம்."

"எந்தப் பட்டம்?"

"இயற்பியல். முதுகலை."

"இப்ப எங்க இருக்காங்க?"

"வேலை கிடைச்சுப் போயாச்சே. முப்பந்தல் பக்கம் காத்தாலைக் கம்பெனி. மாசம் அஞ்சு பேர், நிரந்தரம்."

சந்தோஷப்பட வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அதே பட்டம் வாங்கி மூன்று வருடம் ஆகிறது என்று அவளிடம் சொல்ல நினைத்தேன். அதற்குள் அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, திரையை இன்னொரு தடவை பார்த்தாள்.

"உங்க பேரு முத்துச்செல்வியா?"

"ஆமா."

"நல்லவேளை, நீங்களே வந்துட்டீங்க. இந்த மாசம் அவங்களுக்குப் போற அஞ்சு பேர்ல நீங்க ஒருத்தர். மருமகள்னு போட்டிருக்கு. சரிதானா?"

"சரிதான்."

"வண்டி வெளிய நிக்குது."

"நாளைக்கு எனக்கு வகுப்பு இருக்கு."

"உங்க காலேஜ்ல வேற ஆள் போட்டாச்சு" என்றாள்.

பெரியப்பா வீட்டுச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இந்த மாதம் தானே மாடிக்குப் போய்விடுவதாகவும், சித்தப்பா அடுத்த மாதத்துக்கு ஆவார் என்றும் சொன்னார். கோயம்புத்தூர்க் காரியங்கள் எதுவும் அவருக்கு ஞாபகமில்லை. நித்திலாவுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டதற்கு, "அது யாருட்டி?" என்றார்.

வேனில் ஏறினேன். பின் இருக்கையில் இரண்டு கொழுந்தன்களும் ஓர் ஓரகத்தியும் முகம் கழுவிப் பவுடர் பூசித் தயாராக இருந்தார்கள். அவர்கள் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. ஓட்டுநருக்குப் பின்னால் ஜன்னலோரம் ஒரு வயதானவர் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீங்களும் அத்தைக்குத்தானா?" என்று கேட்டேன்.

"அவங்களுக்குத்தான். ஆனா நான் வருங்கால வைப்பு நிதி," என்றார். "அவங்க ரிட்டயர் ஆகுற வரைக்கும் வண்டியிலேயே இருக்கணும். நீ இறங்குறப்ப சொல்லும்மா, உன் இடத்துல கொஞ்சம் காலை நீட்டிக்கிடுதேன்."

நான் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, இப்போதே நீட்டிக்கொள்ளச் சொன்னேன்.